எழுத்தை எண்ணத் தெரியாதவர்கள்

"ஏந் தம்பி, ஆண்டாருக்கு என்ன கோவமாம்?"

கையிலிருந்த துண்டுச்சீட்டை என் முன்னால் நீட்டியபடி அத்தை கேட்டார். வாங்கிப் பார்த்தேன். ஊர்ப் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் 'குன்றாண்டார்கோவ' என்று அச்சாகியிருந்தது. அடுத்த வரியின் தொடக்கத்தில் புள்ளிகளால் ஆன ஒரு வட்டம், அதன்மேல் அநாதையாகத் தொங்கும் இகரத்தின் மேல்விலங்கு, பக்கத்தில் ஒரு 'ல்'. அவ்வளவுதான். புதுக்கோட்டை மாவட்டத்தில், கீரனூர்ப் பக்கம், குன்றைக் குடைந்து கோயில் எடுத்த ஊரின் பெயரை ஒரு எந்திரம் இப்படி இரண்டாக அறுத்து வைத்திருந்தது.

அத்தைக்குச் சிரிப்பு. எனக்கும் முதலில் சிரிப்புத்தான் வந்தது. ஆனால் அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு அவர் இன்னொரு சன்னலுக்குப் போனபோது, "ஊர்ப் பேரு சரியா இல்லம்மா, திருத்திட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டார்கள். திருத்தப் போன இடத்தில், "கம்ப்யூட்டர்ல சரியாத்தாம்மா இருக்கு, பிரிண்டுல அப்பிடித்தான் வரும்" என்றார்கள். மூன்று தடவை பஸ் ஏறினார். எழுபது வயதைத் தாண்டியவர். எந்த அலுவலகம் என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் அங்கே சன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் பையனின் தலையில்தான் விடியும். அவன் செய்த தப்பு எதுவுமில்லை. தப்பு, அவன் பிறப்பதற்கு முன்பே செய்யப்பட்டது. ஒரு வரிக்கு இத்தனை எழுத்து என்று எல்லை போட்டவருக்கு, எழுத்து என்றால் என்னவென்று தெரியவில்லை.

இந்தக் கட்டுரை அந்த எல்லையைப் பற்றியது. எல்லையே கூடாது என்று சொல்ல நான் வரவில்லை. எண்ணத் தெரியாதவர்கள் எல்லை போடக் கூடாது என்று சொல்ல வந்திருக்கிறேன்.

*

முதலில் நாமே எண்ணிப் பார்ப்போம். கு, ன், றா, ண், டா, ர், கோ, வி, ல். மூன்றாம் வகுப்புப் பிள்ளையைக் கேட்டாலும் 9 எழுத்து என்று சொல்லும்.

கணினியிடம் கேளுங்கள். 18 என்று சொல்லும். ஏனென்றால் ஒருங்குறி, அதாவது யூனிகோட், 'கு' என்பதை 'க' ஒரு குறி, உகரக் குறி இன்னொன்று என்று இரண்டாக வைத்திருக்கிறது. 'ன்' என்றால் 'ன' ஒன்று, மேலே உள்ள புள்ளி ஒன்று. நம் ஊர்ப் பெயரில் தனித்து நிற்கும் அகரமேறிய மெய்யோ உயிரோ ஒன்றுகூட இல்லாததால், ஒன்பதும் அப்படியே இரட்டிப்பாகிப் பதினெட்டாகிவிடுகிறது. அந்தக் 'கோ'வில் உள்ள ஓகாரக் குறியை இரட்டைக்கொம்பு தனி, கால் தனி என்று யாராவது பிரித்து உள்ளிட்டிருந்தால் 19.

இன்னும் கொஞ்சம் கீழே இறங்கி, நினைவகத்தில் எத்தனை பைட் என்று கேளுங்கள். யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட். ஆக 54. இதே பெயரை ஆங்கில எழுத்தில் உச்சரிப்பை ஒட்டி எழுதினால் 15 எழுத்து, 15 குறி, 15 பைட். எப்படி எண்ணினாலும் ஒரே விடை. அதனால்தான் அந்த மொழியில் யோசித்து மென்பொருள் எழுதியவர்களுக்கு இந்த மூன்றும் வேறுவேறு என்கிற சந்தேகமே எழவில்லை.

இப்போது அத்தையின் சீட்டு விளங்கும். ஊர்ப் பெயருக்கு ஒரு வரியில் 15 இடம் என்று யாரோ முடிவுசெய்திருக்கிறார். ஏழு எழுத்துக்குப் பதினான்கு குறி. பதினைந்தாவதாக 'வ'. எல்லை வந்துவிட்டது, வெட்டு! 'வி'யின் மேல்விலங்கு அடுத்த வரிக்குத் தள்ளப்பட்டது. ஒட்டிக்கொள்ள எழுத்து இல்லாமல் அது ஒரு புள்ளிவட்டத்தின் தோளில் ஏறிக்கொண்டது. எல்லை 50 பைட் என்று இருந்திருந்தால் இன்னும் கேவலம். 48 பைட்டில் 'குன்றாண்டார்கோவி' முடிந்துவிடும். மீதி 2 பைட்டில் 'ல'வின் மூன்றில் இரண்டு பங்கு மட்டும் ஏறும். மூன்றில் இரண்டு பங்கு 'ல' என்று உலகத்தில் ஒரு எழுத்து கிடையாது. எனவே திரையில் கறுப்புச் சாய்சதுரத்துக்குள் ஒரு கேள்விக்குறி வந்து நிற்கும். அந்தக் கேள்விக்குறியைப் பார்க்கும்போதெல்லாம், 'உன்னை யாருன்னே எனக்குத் தெரியலையே' என்று கணினி கேட்பதுபோல எனக்குத் தோன்றும்.

*

இந்த எல்லைகளெல்லாம் எங்கிருந்து வந்தன?

1928-இல் ஐபிஎம் நிறுவனம் 80 பத்திகள் கொண்ட துளையட்டையைக் கொண்டுவந்தது. ஒரு பத்தியில் ஒரு எழுத்து, ஓர் அட்டையில் ஒரு வரி. அட்டை போனது, பின்னால் வந்த கணினித் திரைகளும் 80 பத்தி அகலத்தையே வைத்துக்கொண்டன. திரைகள் அகலமாயின, ஆனாலும் நிரல் எழுதுகிறவர்கள் வரிக்கு 80 என்பதை விடவில்லை. பைத்தான் மொழியின் நடைக்கையேடு இன்றைக்கும் வரிக்கு 79 என்கிறது. துளையட்டையைக் கண்ணால் பார்த்திராத தலைமுறை அந்த அட்டையின் அகலத்துக்குள் உட்கார்ந்து எழுதுகிறது. அதைக் குறை சொல்ல மாட்டேன். அது அவர்கள் வீட்டு வழக்கம். அளவான வரி கண்ணுக்கு நல்லதும்கூட.

ஆனால் அந்த அளவுகோலை அப்படியே தூக்கிவந்து தமிழ்மேல் வைத்தால் என்ன ஆகும்? யூனிக்ஸ் காலத்திலிருந்து வரும் 'ஃபோல்ட்' என்றொரு கட்டளை உண்டு. நீண்ட வரிகளைக் கொண்ட உரைக்கோப்பைக் கொடுத்து, வரிக்கு 80 என்றால், மடித்து மடித்துக் கொடுக்கும். பல கணினிகளில் இருக்கும் அதன் பதிப்பு பைட்டைத்தான் எண்ணும். இடைவெளி இல்லாத தமிழ்ச் சொல்வரிசை ஒன்றைக் கொடுத்தால் 26 குறி முடிந்ததும், இருபத்தேழாவதன் வயிற்றைக் கிழித்து வரியை முடிக்கும். அரைகுறை பைட் இரண்டு இந்த வரியில், ஒன்று அடுத்த வரியில். இரண்டு வரியிலும் அது எழுத்து இல்லை.

குறுஞ்செய்தியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு செய்திக்கு 140 பைட். ஆங்கிலத்தை 7 பிட்டில் அடக்கி 160 எழுத்து ஏற்றுகிறார்கள். ஒரேயொரு தமிழ் எழுத்து நுழைந்துவிட்டால் போதும், முழுச்செய்தியும் 16 பிட்டுக்கு மாறி எல்லை 70 ஆகச் சுருங்கிவிடும். 'குன்றாண்டார்கோவில், புதுக்கோட்டை மாவட்டம்' என்று முகவரியின் கடைசி வரியை மட்டும் எழுதுங்கள். நம் கணக்கில் 20 எழுத்து. அவர்கள் கணக்கில், காற்புள்ளியும் இடைவெளியும் சேர்த்து 41. மிச்சம் 29 குறி. அதற்குள் 'நலம், நலமறிய ஆவல்' என்று எழுதலாம். சாவுச்செய்தி சொல்ல முடியாது. தமிழில் குறுஞ்செய்தி அனுப்பப் பலரும் ஆங்கில எழுத்தைப் பயன்படுத்தப் பழகியதற்கு விசைப்பலகை மட்டும்தான் காரணம் என்று நினைக்காதீர்கள். ஒரே செய்திக்கு இரண்டு செய்தியின் காசு வாங்கினால் யார்தான் தமிழில் எழுதுவார்கள்?

இதைவிட என்னை உறுத்துவது இன்னொன்று. இணையப் பக்கங்கள் எல்லாருக்கும் எட்டும்படி இருக்கவேண்டும் என்பதற்காக டபிள்யூ3சி அமைப்பு வகுத்த வழிகாட்டியில் வரி அகலத்துக்கு ஒரு விதி உண்டு. வரிக்கு 80 எழுத்தைத் தாண்டாமல் இருக்க வழிசெய்ய வேண்டும். சீனம், ஜப்பானியம், கொரியம் என்றால் 40. நல்ல விதி. அந்த மூன்று மொழிகளின் எழுத்தும் வேறு மாதிரியானது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. காரணம், அந்த மொழிக்காரர்கள் போய் உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள். தமிழுக்கு எத்தனை? விதியில் இல்லை. நாம் கேட்கவில்லை, அவர்கள் சொல்லவில்லை. செம்மொழி என்று 2004-இல் அறிவிப்பு வந்தபோது வெடித்த பட்டாசில் நூற்றில் ஒரு பங்கு சத்தத்தை இதற்குப் போட்டிருக்கலாம்.

*

'வரிக்கு இத்தனை எழுத்து' என்பது நமக்குப் புதிதா என்றால், சிரிப்புத்தான் வருகிறது. இந்த விளையாட்டை நம்மைவிட நுட்பமாக ஆடியவர்கள் குறைவு.

தொல்காப்பியத்தின் செய்யுளியல் நாற்சீர் அடியை எழுத்து எண்ணி வகுக்கிறது. 4 முதல் 6 எழுத்து வரை குறளடி. 7 முதல் 9 சிந்தடி. 10 முதல் 14 நேரடி. 15 முதல் 17 நெடிலடி. 18 முதல் 20 கழிநெடிலடி. கட்டளைக் கலித்துறை என்றால் இன்னும் கறார்: நேரசையில் தொடங்கும் அடிக்கு 16, நிரையசையில் தொடங்கினால் 17. கூடவும் கூடாது, குறையவும் கூடாது. இந்தக் கணக்கில் ஒற்றெழுத்தைச் சேர்ப்பதில்லை. அந்த எண்ணிக்கைப்படி நம் ஊர்ப் பெயர் கு, றா, டா, கோ, வி என்று 5 எழுத்துத்தான். புள்ளி வைத்த மெய்யைத் தனி எழுத்தாக நெடுங்கணக்கில் வைத்தவர்களே அடியை அளக்கும்போது அதை விட்டுவிட்டார்கள். அடி என்பது காதுக்கானது; காது எதை எண்ணுகிறதோ அதைத்தான் எண்ண வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. எதற்காக அளக்கிறோம் என்று முடிவுசெய்துவிட்டுப் பிறகு அளவுகோலை எடுத்தார்கள்.

ஒரே பெயர்: யாப்புக்கு 5, பள்ளிக்கூடத்துக்கு 9, யூனிகோடுக்கு 18, பைட்டுக்கு 54. நாலு கணக்கும் அதனதன் இடத்தில் சரி. வட்டில் இடம் ஒதுக்குகிறவர் 54 என்று எண்ணட்டும், யார் வேண்டாம் என்றது? ஆனால் மனிதர் படிக்கும் வரிக்கு எல்லை போடும்போது 9 என்று எண்ணத்தான் வேண்டும். அங்கே 18-ஐயோ 54-ஐயோ எண்ணுவது, தறியில் நெய்த சேலையைத் தராசில் நிறுத்து முழக்கணக்குச் சொல்வதுபோல.

குன்றாண்டார்கோவிலுக்கே வருவோம். அந்தக் குடைவரையில் பல்லவர் காலம் தொடங்கிய கல்வெட்டுகள் இருக்கின்றன. முன்னால் விஜயநகரக் காலத்து மண்டபம் ஒன்று, சக்கரமும் குதிரைகளும் பூட்டிய தேராகவே நிற்கும். கல்லில் எழுத்து வெட்டியவருக்கும் வரிக்கு எல்லை உண்டு. சுவரின் அகலம்தான் அது. அகலம் தீர்ந்த இடத்தில் வரி தீரும். சொல் பாதியில் நின்றாலும் கவலையில்லை, மீதி அடுத்த வரியில் தொடரும். பழங்கல்வெட்டுகளில் சொல்லுக்குச் சொல் இடைவெளி இல்லை, பெரும்பாலும் புள்ளியும் இல்லை. இருந்தும் ஆயிரம் ஆண்டு கழித்துப் படிக்க முடிகிறதே, எப்படி? வெட்டியவர் எழுத்துக்கு எழுத்து இடம் பார்த்து வெட்டினார் என்பதால்தான்.

கல்வெட்டுப் படிப்பவர்களோடு ஒருநாள் உட்கார்ந்தால் வரியின் அருமை தெரியும். தென்னிந்தியக் கல்வெட்டுகள் தொகுதிகளில் கல்லில் இருக்கும் வரி எது, எங்கே முடிகிறது என்று எண் போட்டு அச்சிட்டிருப்பார்கள். கல் சிதைந்து வரியின் ஓரம் போயிருந்தால், சிதையாத வரிகளில் எத்தனை எழுத்து இருக்கிறது என்று எண்ணி, போன இடத்தில் எத்தனை எழுத்து இருந்திருக்கும் என்று கணிப்பார்கள். அந்த எண்ணிக்கையை வைத்து ஒரு கொடையாளியின் பெயரை மீட்கலாம், ஒரு நிலத்தின் எல்லையை மீட்கலாம். இதே மாவட்டத்தில் குடுமியான்மலை இருக்கிறது. அங்குள்ள இசைக் கல்வெட்டில் சுரங்களை நான்கு நான்காகச் சேர்த்து அடுக்கியிருக்கிறார்கள். கல்லில் வெட்டியவருக்கு இடம் ஒரு கட்டுப்பாடு. பாட்டின் கூறு இன்னொரு கட்டுப்பாடு. இரண்டையும் ஒருசேரச் சுமக்க அவரால் முடிந்தது. உளியால் முடிந்தது, இன்றைய சிப்பால் முடியாதா?

*

இந்த இடத்தில் இரண்டு பேர் குறுக்கே வருவார்கள். இருவரும் எனக்கு வேண்டியவர்கள்தான்.

முதலாமவர் சொல்வார்: "கோளாறு எந்திரத்துல இல்ல சார், நம்ம எழுத்துல இருக்கு. எழுத்தைச் சீர்திருத்துங்க, எல்லாம் சரியாப் போயிரும்."

சீர்திருத்தம் எனக்குத் தீண்டத்தகாத சொல் இல்லை. பெரியார் வலியுறுத்திய மாற்றங்களில் ஒரு பகுதியை 1978-இல் எம்.ஜி.ஆர். அரசு ஆணையாக்கியது. றா, ணா, னா, ணை, லை என்று 13 எழுத்துகளின் பழைய கொம்பும் சுழியும் போய், மற்ற எழுத்துகளைப்போல நேராயின. அச்சுக்கோப்பவருக்கும் தட்டச்சருக்கும் பாரம் குறைந்தது. குன்றாண்டாரின் 'றா'வும் அந்தப் பதின்மூன்றில் ஒன்று. பழைய புத்தகங்களில் அது காலைத் தனியாக நீட்டாமல் ஒரே உருவாகச் சுருண்டு கிடக்கும். ஆக, எந்திரத்துக்காக இந்த ஊர்ப்பெயர் ஏற்கெனவே ஒருமுறை காலை நீட்டிக்கொடுத்துவிட்டது. அன்று ஈய எழுத்தும் தட்டச்சுப்பொறியின் இரும்புத் தண்டும் வளையாது, நாம் வளைந்தோம். இன்றைக்கு வளைய மறுப்பது இரும்பு இல்லை, சோம்பல். சோம்பலுக்காக ஒரு மொழி எத்தனை முறை வளைவது?

இரண்டாமவர் தொழில்நுட்பம் தெரிந்தவர். "யூனிகோட் நமக்குச் சரியா இடம் தரலை. 247 எழுத்துக்கும் தனித்தனி இடம் கொடுத்திருந்தா இந்தத் தொல்லையே இல்ல" என்பார்.

அதில் ஞாயம் இருக்கிறது. 2010-இல் தமிழக அரசு யூனிகோடோடு சேர்த்து டேஸ்-16 என்ற குறியீட்டையும் தரமாக ஏற்றது. அதில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் இடம். குன்றாண்டார்கோவில் அங்கே ஒன்பதேதான். ஆனால் அது தனிப்பயன் பகுதியில் உட்கார்ந்திருப்பதால் நம் கைப்பேசிக்குள்ளும் அன்றாட இணையத்துக்குள்ளும் வந்து சேரவில்லை. போன பஸ்ஸை நினைத்து நிறுத்தத்திலேயே நின்றுகொண்டிருக்க முடியாது. தவிர, இப்போது அது தேவையும் இல்லை. எந்தக் குறிகள் சேர்ந்து படிப்பவருக்கு ஒரே எழுத்து என்று பிரிக்கும் விதியை யூனிகோடே வெளியிட்டிருக்கிறது. அந்த விதிப்படி எண்ணினால் நம் ஊர்ப்பெயர் 9 என்றே வரும். ஆப்பிள் நிறுவனத்தின் ஸ்விஃப்ட் மொழி சரத்தின் நீளத்தை இயல்பாகவே அப்படித்தான் எண்ணுகிறது. தமிழர்கள் எழுதிப் பொதுவில் வைத்த 'ஓப்பன்-தமிழ்' நிரல்தொகுப்பில் சொல்லைக் கொடுத்தால் எழுத்தெழுத்தாகப் பிரித்துத் தரும். கருவி கையில் இருக்கிறது. எடுத்துப் பயன்படுத்தச் சொல்ல ஆளில்லை, பயன்படுத்தாதவரைக் கேட்கவும் ஆளில்லை.

*

அப்படியானால் என்ன செய்யவேண்டும்? பெரிய மாநாடு எதுவும் வேண்டாம். மூன்றே விதிகள் போதும்.

ஒன்று, மனிதர் படிக்கும் வரிக்கும், மனிதர் நிரப்பும் கட்டத்துக்கும் எல்லையை எழுத்தில் எண்ணுங்கள். 15 என்றால் 15 எழுத்து. உள்ளே அது எத்தனை பைட் ஆகிறது என்பது உங்கள் கவலை, எங்கள் அத்தையின் கவலை அல்ல.

இரண்டு, எழுத்தின் நடுவில் வெட்டாதீர்கள். சொல்லின் நடுவில் வெட்ட நேரலாம். தமிழில் சொல் நீளமானது. 'கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம்' என்பதை ஒரு கைப்பேசித் திரையின் வரிக்குள் திணிக்க முடியாது. அதை வெட்டாமல் அப்படியே அடுத்த வரிக்குத் தள்ளி, முந்தைய வரியின் நாலு சொல்லை இழுத்து நிரப்பினால், சொல்லுக்கிடையே வாய்க்கால் ஓடுகிறது. மெய்ப்புப் பார்த்துப் பார்த்து எனக்குக் கண்ணே வலிக்கிறது. வெட்டுங்கள். ஆனால் ஒற்றெழுத்தில் அடுத்த வரி தொடங்காதபடி வெட்டுங்கள். தமிழில் மெய் மொழிக்கு முதலில் வராது என்பது எல்லாரும் படித்ததுதான். அதையே வரிக்கும் வைத்துக்கொள்வதில் என்ன நட்டம்?

மூன்று, அரசுப் பணத்தில் வாங்கும் எந்த மென்பொருளையும், அச்சுப்பொறியையும், ஒரு தமிழ்ப் பெயரைத் தட்டிப் பார்க்காமல் வாங்காதீர்கள். எந்தப் பெயர் என்று கேட்டால், என்னிடம் ஒன்று இருக்கிறது. ஒற்று நான்கு உண்டு, உகரக் குறி உண்டு, கால் உண்டு, இரட்டைக்கொம்பு உண்டு, மேல்விலங்கு உண்டு. நீளமும் உண்டு. தமிழ் எழுத்தின் தொல்லைகளில் முக்கால்வாசி அதற்குள்ளேயே அடக்கம். ஒப்பந்தப்புள்ளியில் ஒரு வரி சேருங்கள்: 'குன்றாண்டார்கோவில் என்ற பெயர் உடையாமல் அச்சாக வேண்டும்.' அச்சானால் காசு கொடுங்கள். உடைந்தால் பெட்டியைத் திருப்பி அனுப்புங்கள்.

அத்தையின் காரியம் கடைசியில் முடிந்ததா என்று கேட்பீர்கள். முடிந்தது. நாலாவது தடவை நானும் கூடப் போனேன். சன்னலுக்குப் பின்னால் இருந்த பையன் கொஞ்சம் யோசித்துவிட்டு, ஊர்ப்பெயரை ஆங்கிலத்தில் தட்டினான். பதினைந்து எழுத்து. கட்டத்துக்குள் கச்சிதமாக உட்கார்ந்தது. சீட்டை வாங்கிய அத்தை தலைகீழாகவும் நேராகவும் திருப்பிப் பார்த்தார். அவருக்குத் தமிழ் மட்டும்தான் படிக்கத் தெரியும்.

"இதுல நம்ம ஊரு இருக்காப்பா?" என்று கேட்டார்.

"இருக்கு அத்தை" என்றேன். வேறென்ன சொல்ல?